ட்விங்கிள் மெட்டு மோட்சார்ட் போட்டதா? பொங்கல் வினாடி வினாவில் ஒரு தகராறு

15 ஜனவரி, காலை. கேள்வி

பெங்களூர் சர்ஜாப்பூர் சாலைப் பக்கம் எங்கள் அடுக்ககத்தில் நேற்று பொங்கல் வினாடி வினா நடந்தது. "ட்விங்கிள் ட்விங்கிள் லிட்டில் ஸ்டார் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர் யார்?" என்று கேட்டார்கள். என் பையன், "யாரென்று தெரியாது, பழைய பிரெஞ்சு மெட்டு" என்றான். நடுவர் அட்டையைப் பார்த்து, "மோட்சார்ட், ஐந்து வயதில்" என்று படித்துவிட்டார். ஒரு மதிப்பெண்ணில் கோப்பை பக்கத்து பிளாக்குக்குப் போயிற்று. பையன் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். யார் சொன்னது சரி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

15 ஜனவரி, இரவு. பதில்

பையன் சொன்னதுதான் சரி. அட்டை எழுதியவர் எங்கேயோ வந்த ஃபார்வர்டை அப்படியே எடுத்து ஒட்டியிருக்கிறார்.

அந்த மெட்டு 1761-ல் பாரிஸில் அச்சேறியது. வரிகள் கிடையாது, வெறும் இசை. போட்டவர் பெயரும் கிடையாது. மோட்சார்ட் பிறந்தது 1756. அதாவது மெட்டு அச்சானபோது அவருக்கு ஐந்து வயது. இந்த 'ஐந்து வயது' கதை அங்கிருந்துதான் முளைத்திருக்கும் என்பது என் ஊகம். யாரோ இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

மோட்சார்ட் செய்தது வேறு. இருபத்தைந்து வயது வாக்கில், 1781, 82-ல், அதற்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்ட அந்த மெட்டை எடுத்து பியானோவுக்குப் பன்னிரண்டு மாறுபாடுகள் எழுதினார். பல்லவியை எடுத்துக்கொண்டு, ஒரே வரியை விதவிதமாக விரித்து நிரவல் செய்வதற்குக் கொஞ்சம் கிட்டே வரும் வேலை. பல்லவி அவருடையது இல்லை.

வரிகள் தனிக் கதை. ஜேன் டெய்லர் என்ற ஆங்கிலப் பெண், அக்காவுடன் சேர்ந்து 1806-ல் வெளியிட்ட குழந்தைப் பாடல் தொகுப்பில் 'நட்சத்திரம்' என்ற தலைப்பில் வந்த கவிதை அது. மோட்சார்ட் 1791-லேயே இறந்துவிட்டார். ட்விங்கிள் என்ற பாட்டை அவர் காதால் கேட்டிருக்கவே முடியாது. நடுவரிடம் இந்த ஒரு வரியை மட்டும் சொல்லுங்கள், போதும்.

16 ஜனவரி, காலை

கூடுதலாக ஒன்று. ஏ பி சி டி பாட்டும் இதே மெட்டுதான், பா பா பிளாக் ஷீப்பும் கொஞ்சம் சதை போட்ட இதே மெட்டுதான். நம்பாதவர்கள் ஒன்றின் வரியை இன்னொன்றின் மெட்டில் பாடிப் பாருங்கள். வீட்டில் யாரும் இல்லாதபோது பாடுவது நல்லது.

16 ஜனவரி, மாலை

"கர்நாடக இசைப்படி என்ன ராகம்?" என்று ஜெயநகர் அன்பர் கேட்டிருந்தார். ஸ்வரம் இதுதான்:

ச ச ப ப த த ப
ம ம க க ரி ரி ச

சங்கராபரணம் என்று எழுதப் போனேன். வீட்டுக்கு வந்திருந்த தங்கை மகள் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "மாமா, நி எங்கே?" என்றாள். வீணை கற்றுக்கொள்கிற பெண், சும்மா விடமாட்டாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. முழுப் பாட்டையும் வாசித்துப் பாருங்கள், நிஷாதம் ஒரு இடத்தில்கூட வராது. மேளகர்த்தா என்கிற தாய் ராக வரிசையில் சங்கராபரணம் 29, ஹரிகாம்போஜி 28. இரண்டுக்கும் வித்தியாசமே நிஷாதம் மட்டும்தான், முன்னதில் உயர்ந்த காகலி, பின்னதில் தாழ்ந்த கைசிகி என்று. நி இல்லாத மெட்டை எந்த வீட்டில் சேர்ப்பது? இரண்டு வீட்டுக்காரர்களும் உரிமை கொண்டாடலாம்.

16 ஜனவரி, இரவு பதினொன்று

தூக்கம் வராமல் மோட்சார்ட்டின் இசைத்தாளை எடுத்துப் பார்த்தேன். வலது கை மெட்டில் நி இல்லை, உண்மை. ஆனால் இடது கை துணைக்கு வாசிக்கிற ஸ்வரங்களில் காகலி நிஷாதம் தெளிவாக இருக்கிறது. ஆகவே பியானோவோடு கேட்டால் சங்கராபரணம். வெறும் வாயால் பாடினால் தங்கை மகள் கட்சி. அவளிடம் சொன்னேன், "அது மோட்சார்ட் சேர்த்த நி, மெட்டில் இருந்த நி இல்லை" என்கிறாள். இனி அவளோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

17 ஜனவரி

"வெள்ளைக்காரன் மெட்டில் நம் ஆட்கள் யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வைத்திருக்கிறார்கள், அதுவும் கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர். முத்துசாமி தீட்சிதர் இளமையில் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தார். கோட்டையில் கம்பெனிக்காரர்களின் பேண்டு வாத்தியம் வாசிப்பதைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். 'சந்ததம் பாஹிமாம்' பாடிப் பாருங்கள், இங்கிலாந்து ராஜாவுக்குப் பாடுகிற 'காட் சேவ் தி கிங்' அப்படியே இருக்கும். ராஜாவை எடுத்துவிட்டு அம்பாளை உட்கார வைத்துவிட்டார். தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலினையே இங்கே கொண்டுவந்து சேர்த்தார். அந்தக் குடும்பத்துக்குக் காது எந்தப் பக்கமும் மூடவில்லை.

மல்லேசுவரத்தில் பாட்டு கற்றுக்கொள்ளும் சின்னப் பிள்ளைகளுக்கு நோட்டுஸ்வரம் சொல்லிக் கொடுத்தால் குதித்துக்கொண்டு பாடுவதைப் பார்த்திருக்கிறேன். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் கிடையாது, கால் தானாகத் தாளம் போடும்.

18 ஜனவரி, காலை

இழை எங்கேயோ போகிறது, போகட்டும். குழந்தைப் பாட்டு என்றதும் ஒரு கேள்வி நினைவுக்கு வந்தது: "உலகில் முதன்முதலில் பதிவான மனிதக் குரல் என்ன சொன்னது?" வழக்கமான விடை, எடிசன், 1877, 'மேரி ஹேட் எ லிட்டில் லாம்ப்'. அமெரிக்காவின் சாரா ஜோசஃபா ஹேல் 1830-ல் வெளியிட்ட பாட்டு. எடிசன் அதைப் பாடவில்லை, ஒப்பித்தார். உருளையில் சுற்றிய தகரத்தாளில் ஊசி கீறிய அந்த மூலப் பதிவு இன்று இல்லை. இணையத்தில் நாம் கேட்பது 1927-ல், ஐம்பதாம் ஆண்டு விழாவில், கிழவரான எடிசன் மறுபடி சொல்லிக் காட்டியது.

ஆனால் 2008-க்குப் பிறகு இந்த விடை செல்லாது. பிரான்சில் ஸ்கோ த மார்தென்வீல் என்றொருவர் எடிசனுக்கு முன்பே ஒரு கருவி செய்திருந்தார். புகைக்கரி படிந்த தாளில் ஒரு மயிர் முனை ஒலியின் அசைவைக் கோடாக வரையும். திரும்பப் போட்டுக் கேட்கும் எண்ணமே அவருக்கு இல்லை. ஒலியைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. 1860 ஏப்ரல் 9 அன்று வரைந்த ஒரு தாளை 2008-ல் ஆராய்ச்சியாளர்கள் நுணுக்கமாகப் படம் பிடித்து, கோட்டைக் கணினியால் ஒலியாக மாற்றினார்கள். வந்தது ஒரு பாட்டின் சில நொடிகள். 'ஓ கிளேர் த லா லூன்'. நிலா வெளிச்சத்தில் என்று தொடங்கும் பிரெஞ்சுக் குழந்தைப் பாட்டு!

முதலில் ஒரு சிறுமியின் குரல் என்று நினைத்தார்கள். வேகத்தைக் கணக்கிட்டதில் இரண்டு மடங்கு ஓடிவிட்டது. அடுத்த ஆண்டு சரி செய்து போட்டபோது ஓர் ஆண் மெதுவாக, கவனமாகப் பாடுகிறார். அநேகமாக ஸ்கோவே.

18 ஜனவரி, மதியம்

சாப்பிட்டுக்கொண்டே யோசித்தேன். இன்று நாம் கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிற மிகப் பழைய மனிதக் குரல் பதிவு குழந்தைப் பாட்டு. பதிந்த கருவியிலேயே திரும்பப் போட்டுக் கேட்ட எடிசன் பதிவும் குழந்தைப் பாட்டு. சரி, கணினி? 1951-ல் மான்செஸ்டரில் ஃபெராண்டி மார்க் 1 கணினி இசை வாசித்ததை பிபிசி பதிவு செய்தது. அதுதான் கணினி இசையில் நம் கையில் இருக்கும் மிகப் பழைய பதிவு. அதில் மூன்று உருப்படிகள். முதலாவது 'காட் சேவ் தி கிங்', நேற்று பேசிய தீட்சிதர் மெட்டு. இரண்டாவது 'பா பா பிளாக் ஷீப்', முந்தாநாள் பேசிய மெட்டு. மூன்றாவது 'இன் தி மூட்' என்ற நடன இசை. அது பாதியில் தடுக்கி நின்றுவிடுகிறது. உடனே ஒரு பெண் குரல், "மெஷினுக்கு மூட் இல்லை போலிருக்கிறது" என்ற பொருளில் சொல்லிச் சிரிக்கிறது. தேடிக் கேளுங்கள், சின்னப் பதிவுதான்.

18 ஜனவரி, மாலை

"குழந்தைப் பாட்டாகவே வருவது தற்செயல்தானே?" என்று கேட்கிறார் கோரமங்களா நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தகரத்தாளும் அந்தக் கணினியும் எழுப்பிய ஒலி படு மோசம். கரகரப்பு பாதி, பீப்பீ மீதி. யாருக்கும் தெரியாத ஒரு கவிதையை எடிசன் சொல்லியிருந்தால் சுற்றி நின்றவர்களுக்குப் பாதிச் சொல் பிடிபட்டிருக்காது. எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டு என்றால் காதில் விழாததை மூளையே நிரப்பிக்கொள்ளும். "அட, அதே பாட்டு!" என்று கூட்டம் ஒத்துக்கொள்ளும். புதுக் கருவிக்கு அதைவிட நல்ல சோதனை வேறென்ன?

வீட்டில் சோதித்தேன். கைப்பேசியை எஃகு டப்பாவுக்குள் போட்டு மூடி, முதலில் 'நிலா நிலா ஓடி வா' ஒலிக்கவிட்டேன். அடுத்த அறையிலிருந்து மனைவி முழு வரியும் சொன்னாள். பிறகு வானொலிச் செய்தி. "யாரோ முனகுகிறார்கள், அதை எடுத்து வெளியே வையுங்கள், அது பருப்பு டப்பா" என்றாள்.

19 ஜனவரி

கணினி இசையில் ஆஸ்திரேலியக் கணினியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் குதிக்கிறார். விடவில்லை. சிட்னியில் சிஎஸ்ஐராக் என்ற கணினி மான்செஸ்டருக்கும் முன்னால் 'கர்னல் போகி' அணிவகுப்பு மெட்டை வாசித்தது. ஆனால் அந்தக் காலத்துப் பதிவு எதுவும் இல்லை. அதனால்தான் 'மிகப் பழைய பதிவு' என்று எழுதினேன், 'முதல் இசை' என்று எழுதவில்லை.

வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். 'முதல்' என்று கேள்வியில் வந்தால் எதில் முதல் என்று வேலி கட்டுங்கள். "இந்தியாவில் இசைத்தட்டுக்குப் பாடிய முதல் பெண்" என்று கேட்டு கௌஹர் ஜான் என்று விடை வைப்பார்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் அவர் பாடுவதற்குச் சில நாட்கள் முன்னால் சசிமுகி, பனிபாலா என்ற இரண்டு நாடக மேடைப் பெண்கள் பாடிவிட்டார்கள். பெரிய நட்சத்திரம் கௌஹர் ஜான், அதனால் பெயர் நின்றது. பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் கம்பீரமாக அறிவிப்பார். கடைசிக் காலத்தில் மைசூர் அரண்மனை ஆதரவில் இருந்து 1930-ல் மைசூரிலேயே இறந்தார். நம் ஊர்ப் போட்டிகளில் இதைக் கேட்கலாமே. யாரும் கேட்பதில்லை.

20 ஜனவரி, இரவு

'நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா.' மொட்டை மாடியில் பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டு பாடினேன். ஒயிட்ஃபீல்டு தூசியிலும் நிலா தெரிந்தது.

நில்லாமல் என்பது முழு உண்மை. நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றுகிறது. வா என்பதைத்தான் அது காதில் வாங்கவில்லை. ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. நிலவின் ஈர்ப்பால் கடல் புடைக்கிறது, வேகமாகச் சுழலும் பூமி அந்தப் புடைப்பை நிலவுக்குச் சற்று முன்னே தள்ளிக்கொண்டு போகிறது, அந்தப் புடைப்பு நிலவை முன்னோக்கி இழுக்கிறது, நிலவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய வட்டத்துக்கு ஏறுகிறது. பதிலுக்குப் பூமியின் சுழற்சி மந்தமாகிறது. 1969-ல் அப்பல்லோ 11 ஆட்கள் வைத்துவிட்டு வந்த பிரதிபலிப்பான்மேல் லேசர் அடித்து, அது போய்த் திரும்பும் இரண்டரை நொடி நேரத்தை அளந்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள்.

பேரனிடம் சொன்னேன். "அப்போ மல்லிகைப்பூ?" என்றான்.

21 ஜனவரி

பெங்களூரில் அறிவியல் கேள்வி என்றால் சர் சி. வி. ராமன் இல்லாமல் முடியாது. 1933-ல் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தவர், 1948-ல் தன் பெயரில் ஆய்வுக் கழகம் தொடங்கி, 1970-ல் இறக்கும்வரை இந்த ஊர்தான். ஆனால் அவரைப் பற்றி வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே ஒன்று. "கடல் ஏன் நீலம்? விடை: ராமன் விளைவு." இது தப்பு. எந்தப் போட்டியிலும் எழுந்து நின்று மறுக்கலாம்.

1921-ல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பும்போது அவர் கடலைப் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்புதான் நீலம் என்று ராலே சொல்லியிருந்தார். ராமன் கையில் இருந்த, பிரதிபலித்த ஒளியை வடிகட்டும் நிக்கோல் பட்டகத்தைத் தகுந்த கோணத்தில் பிடித்து வானத்தின் பிரதிபலிப்பை வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை, இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்றார். இந்தச் சிதறலில் ஒளியின் நிறம் மாறாது. 1928-ல் கண்டுபிடித்து 1930-ல் நோபல் வாங்கித் தந்த ராமன் விளைவு, சிதறும்போது ஒளியின் ஒரு சிறு பங்கு அலைநீளம் மாறி வருவது. கடல் பயணம் அந்த ஆராய்ச்சிக்கு வாசல் திறந்தது, அவ்வளவுதான். இன்னொரு பாதியையும் சேர்க்க வேண்டும். நீர் சிவப்பு ஒளியை விழுங்குகிறது. ஆழமாகப் போகப் போக மிஞ்சுவது நீலம்.

எனக்குப் பிடித்த ராமன் வேறு. மிருதங்க ராமன்.

சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அடிச்சுரமும் அதோடு கூடவே எழும் மேல்சுரங்களும் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத விகிதத்தில் வரும். அதனால்தான் பல மேளங்களில் ஓசை கேட்கும், சுருதி கேட்காது. தந்தியில் 1, 2, 3, 4 என்று முழு எண்ணில் வரும். மிருதங்கத்தின் வலந்தலை தோலாக இருந்தும் தந்தியைப்போல நடந்துகொள்கிறது என்று ராமன் 1920-ல் சிவகாலி குமாருடன் சேர்ந்து எழுதினார். 1934-ல் விரிவாக எழுதியபோது, ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து சுரங்களுக்குள் வந்து ஒடுங்குகின்றன என்று காட்டினார். தோலில் மெல்லிய மணலைத் தூவித் தட்டினால் அதிராத கோடுகளில் மணல் ஒதுங்கி நிற்கும், அதை வைத்துத்தான்.

காரணம் நடுவில் இருக்கும் அந்தக் கறுப்பு. சாதம், கரணை என்பார்கள். இரும்புத்தாதுப் பொடியையும் சோற்றையும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றையும் கல்லால் தேய்த்துக் காயவிட்டு அடுத்தது. நடுவில் கனம், ஓரத்துக்குப் போகப் போகக் குறையும். இந்தக் கனம்தான் ஒழுங்கில்லாத மேல்சுரங்களை இழுத்து வரிசையில் நிறுத்துகிறது. என் மிருதங்கத்துக்கு அல்சூரில் ஒரு பெரியவர் சாதம் வைத்துத் தந்தார். விரலால் ஒரு பூச்சு, தேய்ப்பு, ஒரு தட்டு, தலையைச் சாய்த்துக் கேட்பது, மறுபடி பூச்சு. "எப்போது நிறுத்த வேண்டும் என்று எப்படித் தெரியும் ஐயா?" என்றேன். "அது நிறுத்தச் சொல்லும்" என்றார். நோபல் வாங்கியவர் போட்ட கணக்கு அவர் காதில் இருந்தது.

21 ஜனவரி, பின்னிரவு

இடந்தலையில் ரவை ஏன் என்று கேட்டவருக்கு: அங்கே நிரந்தரச் சாதம் இல்லை. கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீரில் பிசைந்து ஒட்டி, தொப்பி என்கிற அந்த இடந்தலை சரியாகக் கும்முகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். காய்ந்தால் கனம் குறைந்து சுருதி ஏறும். வித்வான் நடுவில் தண்ணீர் தொட்டு வைப்பது அதற்குத்தான்.

22 ஜனவரி

சின்னச் சின்னதாக வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில். ஹம்ப்டி டம்ப்டி முட்டை என்று பாட்டில் எங்கும் இல்லை. அது ஒரு விடுகதை, முட்டை என்பது விடை. 'ரிங்கா ரிங்கா ரோஸஸ்' பிளேக் நோயைப் பற்றியது என்பது இருபதாம் நூற்றாண்டில் பரவிய கதை, நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' பாரதியார் இல்லை, கவிமணி. ஷெர்லக் ஹோம்ஸ் 'எலிமெண்டரி, மை டியர் வாட்சன்' என்று கோனன் டாயில் கதை எதிலும் அந்த வரிசையில் சொல்லவில்லை. ஃபிராங்கன்ஸ்டைன் விஞ்ஞானியின் பெயர், பூதத்துக்குப் பெயரே இல்லை.

24 ஜனவரி

குடியரசு நாளுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு போட்டி வைக்கிறோம், கேள்வி எழுதும் வேலை என் தலையில். இதுவரை பேசியதில் மோட்சார்ட்டை இப்படி மாற்றிவிட்டேன்: "ட்விங்கிள் மெட்டுக்கு மோட்சார்ட் எத்தனை மாறுபாடுகள் எழுதினார்?" பன்னிரண்டு. யாரும் சண்டைக்கு வர முடியாது.

இலக்கியத்துக்கு ஒன்று: "பெங்களூரில் பதினெட்டு ஆண்டுகள் முகத்தை மூடிக்கொண்டு நின்ற புலவர் யார்?" அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர். 1991-ல் வைத்த சிலை, சுற்றிக் கட்டிய துணியோடே நின்று, 2009 ஆகஸ்டு 9 அன்றுதான் திறக்கப்பட்டது. அதே வாரம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் சிலை திறந்தார்கள். இரண்டடிக்காரர் இங்கே, மூன்றடிக்காரர் அங்கே. அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இதற்கு விடை சொல்லத் திணறுவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

25 ஜனவரி

"வள்ளுவர் முகத்தை மூடவில்லை, சிலையைத்தான் மூடினார்கள், கேள்வி செல்லாது" என்று ஒரு ஆட்சேபம் வந்திருக்கிறது. ஏற்றுக்கொள்கிறேன். "துணி சுற்றி நின்ற சிலை யாருடையது?" என்று மாற்றியாயிற்று. வேறு ஆட்சேபம் இருப்பவர்கள் இன்று இரவுக்குள் இங்கேயே எழுதிவிடுங்கள். நாளைக்கு மேடையில் மைக்கைப் பிடுங்கக் கூடாது.